கடைசி மூட்டை போகும்வரை

நர்மதா இரண்டாவது மூட்டையின் கட்டை அவிழ்த்தபோது, உள் அறையில் அவள் மாமனார் ஆண்டி இறந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. வாசலில் பைகளோடு நின்ற பெண்களுக்கு அது தெரியாது.

“இன்னாக்கா, மறுபடியும் எண்ணிக்க தப்புது?” என்றாள் பக்கத்து வீட்டுச் சந்தியா.

“காலைலேருந்து ஒண்ணும் சாப்புடல” என்று சொல்லிவிட்டு நர்மதா அளக்கும் படியைச் சாமை விதைக்குள் அமிழ்த்தினாள். அதுவும் பொய்யில்லை.

விடிந்ததும் வெந்நீர் கொண்டுபோனவள் அவள்தான். பார்த்ததும் அலற வாயைத் திறந்தாள். மாமியார் தைலம்மாள் எட்டி அவள் வாயைப் பொத்திவிட்டாள். நாற்பது வருஷம் கூட வாழ்ந்த புருஷன் பாயில் கிடக்கிறார், அந்த மனுஷியின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

“சத்தம் போடாத. மொதல்ல வெத வெளிய போவட்டும்.”

கல்வராயன் மலையின் அந்த ஊரில், சாவு விழுந்த கூரைக்குக் கீழே இருந்த விதையை யாரும் மண்ணில் போடமாட்டார்கள். போகிற உயிர் விதையின் உயிரையும் கூட்டிக்கொண்டு போய்விடுமாம். அதனால் சீக்காளிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதுமே விதையை வெளியே எடுத்துவிடுவார்கள். நர்மதாவுக்கு இது தெரியாததல்ல. ஆனால் மகளிர் குழுவின் விதை வங்கி அவள் பொறுப்பு. ஊரில் ஒழுகாத கூரை அவர்கள் வீட்டுக் காங்கிரீட் கூரை ஒன்றுதான்.

ஆண்டி பத்து நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். “வெதய எடும்மா. இல்லன்னா என்னத் தூக்கி மாட்டுக் கொட்டாயில போடு.”

“நனைஞ்சா பூசணம் புடிச்சிரும் மாமா. உங்களுக்கு ஒண்ணும் ஆவாது, சும்மா இருங்க” என்று பெரிய டாக்டர் மாதிரி அவர் வாயை அடைத்தவள் இவள்தான்.

இரண்டு வருஷமாக வானம் ஏமாற்றிவிட்டது. விதைத்தபோது காய்ந்தது, கதிர் முற்றியபோது கொட்டி அழுகவைத்தது. விதைக்கு வைத்ததையும் கஞ்சி காய்ச்சிக் குடித்துத் தீர்த்தாயிற்று. தொண்டு நிறுவனத்துக்காரர்கள் கொடுத்த, சீக்கிரம் விளைகிற இந்தச் சாமைதான் இருபத்தெட்டுக் குடும்பங்களுக்கும் மிச்சம். முந்தாநாள் பெய்த மழையின் ஈரம் இன்னும் இரண்டு நாள் நிற்கும். விஷயம் வெளியே போனால் ஒரு பிடி விதை மண்ணுக்குப் போகாது. பிறகு தை மாதம் எந்த வீட்டிலும் உலை வைக்க ஒன்றும் இருக்காது.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. குடகில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போயிருக்கும் அவள் புருஷன் முருகவேல்.

“அப்பா எப்பிடி இருக்காரு?”

பெண்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தூங்கறாரு.”

“காதுல வையேன். ஒரு வார்த்த பேசிக்கறேன்.”

“அப்பறம் பேசலாங்க. வெத அளந்துக்கினு இருக்கேன்” என்று கட் செய்தாள். இந்தப் பாவத்தை எங்கே போய்க் கழுவுவேன் என்று நினைத்தாள். அடுத்த பைக்கு நாலு படி அளந்தாள்.

மூன்றாவது மூட்டையை எடுக்க உள்ளே போனாள். தைலம்மாள் கணவரின் முகத்தில் ஈ உட்காராமல் முறத்தால் விசிறிக்கொண்டிருந்தாள்.

“மொளைக்குமா அத்த?” என்று நர்மதா கிசுகிசுத்தாள்.

“நீதான ஈரச் சாக்குல சுத்தி வச்சிப் பாத்த? நூத்துக்குத் தொண்ணூறு மொளச்சிதுன்ன?”

“அது மாமா உயிரோட இருக்கும்போது பாத்தது.”

தைலம்மாளின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் விசிறத் தொடங்கினாள்.

“இன்னும் எத்தினி பேரு?”

“எட்டுப் பேரு.”

வெளியே வெயில் மங்கி, மலை முகட்டில் கருமேகம் இறங்கியது. “மாமாவ ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன்” என்று சந்தியா படியேறினாள். நர்மதா மூட்டையோடு கதவை மறித்து நின்றாள். “இப்ப வாணாம். ராவெல்லாம் தூக்கமில்லாம இப்பதான் அசந்தாரு.” சந்தியா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள்.

கடைசிப் பை சரிவில் இறங்கி மறைந்தது. காலிச் சாக்குகளைக் கொட்டாயில் போட்டுவிட்டு நர்மதா உள்ளே வந்து, “போச்சு அத்த” என்றாள்.

தைலம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு அந்த வீட்டிலிருந்து எழுந்த சத்தத்தில் எதிர்ச் சரிவில் மேய்ந்த ஆடுகள் மிரண்டன.

விதையை வீட்டில் வைத்துவிட்டு எல்லோரும் ஓடிவந்தார்கள். குளிப்பாட்டுவதற்காக, மார்பில் மடங்கிக் கிடந்த ஆண்டியின் கையைச் சந்தியா பிடித்து நீட்டினாள். நீளவில்லை. இன்னும் அழுத்திப் பார்த்தாள். மரமாக விறைத்திருந்தது. போன மாசிதான் தன் தாயைக் குளிப்பாட்டியவள் அவள். உயிர் போய் எவ்வளவு நேரத்தில் கை இப்படி ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

“எப்பம்மா போச்சு?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

தைலம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நர்மதா தண்ணீர்க் குடத்தை எடுக்கக் குனிந்தாள்.

சந்தியா போர்வையை இழுத்து அந்தக் கையை மூடினாள்.

“இப்பதான்” என்றாள். “ஒடம்பு இன்னும் சூடா இருக்கு. பொழுதுக்குள்ள எடுத்துடலாம், காலைல வெதக்கணும்.”

நர்மதாவின் முகத்தை மட்டும் அவள் பார்க்கவில்லை.