முப்பத்து நாலு டிகிரி கடல்

ஒரே வாரத்தில் மூன்றாவது முறையாகக் கப்பலில் கரண்ட் போயிருந்தது. நாட்டையே காக்க வந்த போர்க்கப்பல், வளைகுடாவின் உச்சி வெயிலில் இருபது நிமிடம் செத்த திமிங்கலமாக மிதந்தது.

விளக்கு திரும்பிய கையோடு கேப்டன் ஹாலம், கரண்ட் போனதற்கான அறிக்கையைக் கையெழுத்துக்கு நீட்டினார். எஞ்சின் அதிகாரி மார்வென்னா ட்ரெலோர் படித்துப் பார்த்தாள். காரணம்: இயக்கியவர் தவறு. பெயர்: கெதின் ப்யூ. கரண்ட் போனபோது கப்பலின் வேகத்தைக் கூட்டும் வேகப்பிடியில் நின்றவர். பதினாறு வருட சர்வீஸ். அடுத்த வாரம் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. இந்தக் காகிதம் போனால் அவர் பெயர் அதில் இருக்காது.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன், சார். கடல் தண்ணி முப்பத்து நாலு டிகிரி. அதை வச்சுத்தான் டர்பைனுக்குப் போற காத்தைக் குளிர வைக்கணும். எப்படிக் குளிரும்? டர்பைன் சோர்ந்து போயி நின்னுடுது. மோட்டாரும் லைட்டும் அது குடுக்கிற கரண்ட்லதான் ஓடுது. எல்லாம் சேர்ந்து படுத்துக்குது."

"சோதனை ஓட்டத்துல பாஸ் பண்ணின எஞ்சின், ட்ரெலோர்."

"எங்க? ஸ்காட்லாந்துல, நவம்பர் மாசம்! அங்க வெண்ணெய்கூட உருகாது, சார்."

"ப்யூ பிடியை அவசரப்பட்டு இழுத்திருக்கான்."

மார்வென்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா பிளிமத்தில் படகோட்டி. அந்த வீட்டிலிருந்து பட்டம் வாங்கியது அவள் ஒருத்திதான். படித்ததெல்லாம் இப்படிக் கீழே இருப்பவன் தலையில் பழியைக் கட்டவா?

"அப்போ வேகப்பிடியை நானே பிடிக்கிறேன். புத்தகத்துல இருக்கிறபடி, மெதுவா. நீங்க பக்கத்துல நில்லுங்க."

கட்டுப்பாட்டு அறையில் ப்யூ தேநீர்க் கோப்பையோடு எழுந்து நின்றார். "கேப்டனே வந்துட்டாரா! மேடம், கரண்ட் போனதுல டீகூட ஆறிடுச்சு; இங்க சூடா இருக்கிறது இந்தக் கடல் ஒண்ணுதான்."

"வாயை மூடுங்க, ப்யூ," என்றாள். அவளுக்கே சிரிப்பு முட்டியது.

பிடியை நகர்த்தினாள். ஒரு கோடு. இரண்டு நிமிடம் பொறுத்தாள். இன்னொரு கோடு. ஆமை தோற்றது. கேப்டன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டர்பைனுக்குப் போகும் காற்றின் வெப்பத்தைக் காட்டும் முள் மட்டும் ஏறிக்கொண்டே போனது. முழு வேகத்துக்கு இன்னும் மூன்று கோடு இருக்கும்போது எங்கோ கீழே டர்பைனின் பெருமூச்சு கேட்டது.

இருட்டு.

ஏசி நின்றது. திரைகள் அணைந்தன. அவசர விளக்கின் மங்கலில் கேப்டனின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிப் போவது தெரிந்தது. ப்யூ தேநீரை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

மார்வென்னா டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு, அறிக்கையில் ப்யூவின் பெயரைக் கோடு போட்டு அடித்தாள். 'கடல்நீர் 34 டிகிரி. குளிர்விப்பான் போதவில்லை' என்று எழுதினாள். கீழே 'நேரில் கண்ட சாட்சி' என்று ஒரு கோடு இழுத்து, டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு பேனாவை நீட்டினாள்.

"சார்."

ஹாலம் காகிதத்தின் மேல் குனிந்தார். அவர் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை அதன்மேல் விழுந்தது. பிறகு கையெழுத்தைக் கிறுக்கினார்.

"ப்யூ தப்பிச்சான். ஆனா குளிர்விப்பானை மாத்துற வேலை ஊருக்குப் போனாத்தான். அதுக்கு ரெண்டு வருஷம் ஆகும். நாளைக்குக் காலைல மறுபடி முழு வேகம். மேலிடத்து உத்தரவு."

"மறுபடி நின்னுடும், சார்."

"தெரியும்," என்று சொல்லிவிட்டு, இருட்டில் சுவரைத் தடவியபடி வெளியே போனார்.

மார்வென்னா செத்துப் போன வேகப்பிடியை ஒரு குத்து குத்தினாள். வலித்தது அவள் கைதான்.