வீடியோ காலில் வராத வாடை

பொய் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதிலும் ஆறாத புண்ணை வைத்துக்கொண்டு பொய் சொன்னால் கேட்கவே வேண்டாம். மருத்துவமனையில் உட்கார்ந்தபடி, வீட்டிலிருக்கும் நோயாளிகளின் புண்களை வீடியோ காலில் பார்க்கிற நர்ஸ் நான். போனில் நிறம் தெரியும், வீக்கம் தெரியும். வாடை மட்டும் வராது; அதற்கு வீட்டு மனிதர்களின் வாயைத்தான் நம்ப வேண்டும்.

பஸ் டிரைவர் ஒருவருக்குச் சர்க்கரை. வலது குதிகாலில் புண். அன்று அவர் மனைவி கட்டைப் பிரித்துக் காட்டியபோது ஓரம் கறுத்திருந்தது. வெளிச்சம் போதவில்லையோ என்றும் தோன்றியது.

"வாடை வருதா அக்கா?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர்."

"நல்லா ஆறிக்கிட்டு வருது," என்றார் டிரைவர், கட்டிலில் படுத்தபடி. "ஆஸ்பத்திரிப் பேச்சை மட்டும் எடுக்காதீங்க. உள்ள வந்தா காலை எடுக்காம விடமாட்டீங்க. அப்புறம் பிரேக்கைக் கையாலயா மிதிக்கிறது?"

"கொஞ்சம் கிட்டக் காட்டுங்க அக்கா."

அக்காவின் விரல் திரையில் எதிலோ பட்டு கேமரா திரும்பிவிட்டது. புண் போய், அவர் முகம் வந்தது. காலுக்கடியில் அடுக்கிய தலையணைகளின் மறைவில் குனிந்து, முந்தானையால் மூக்கை அழுத்திப் பிடித்திருந்தார். கண்ணில் நீர்.

எனக்கு வந்ததே கோபம்! "ஏன் அக்கா மூக்கைப் பொத்திக்கிட்டிருக்கீங்க? யாரை ஏமாத்தறீங்க?"

புண்ணோடு கிடப்பவருக்கு அந்த வாடை பழகிப்போய்விடும். டிரைவருக்கு அதுவரை தெரியவில்லை.

"வாடை வருதா?" என்றார் டிரைவர், மனைவியிடம்.

"நாலஞ்சு நாளா வருதுங்க."

"ஏன் சொல்லல?"

"சொன்னா பாயை எடுத்துக்கிட்டு வராந்தாவுக்குப் போயிடுவீங்க. எனக்கு உங்களைத் தெரியாதா?"

"அப்போ ராத்திரியெல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டா பக்கத்துல படுத்திருந்தே?"

"இல்லீங்க. பொத்தினா நீங்க பார்த்துடுவீங்களே."

என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"அண்ணா, கறுப்பும் வாடையும் சேர்ந்தா நல்லதில்ல. இன்னைக்கே வந்தா காலைக் காப்பாத்தப் பார்க்கலாம். தள்ளிப் போட்டீங்கன்னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

மறுபடி பிரேக்கைப் பற்றி ஆரம்பிப்பார் என்று பார்த்தேன்.

"வண்டியைக் கூப்பிடு," என்றார் மனைவியிடம். குரல் இறங்கியிருந்தது. "ஜன்னல் பக்கம் நீ உட்காந்துக்கோ."