நாற்பத்தோராம் பக்கத்து அம்மா

மாரீஸ்வரியின் ஒப்புமை எண்பத்தாறு விழுக்காடு என்று நூலகத்தில் சொன்னார்கள். பத்துக்குக் கீழே இருந்தால்தான் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒருவர் அவராகவே கருதப்படுவார்.

ஆய்வேட்டைச் சோதிக்கும் வழக்கம் நின்று வெகுகாலம் ஆகிறது. இப்போது ஆய்வாளரைத்தான் சோதிக்கிறார்கள். அவளை ஒரு முக்காலியில் உட்காரவைத்துப் பிறந்தது முதல் நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். நாற்பது நிமிடம் சொன்னாள். நூலக உதவியாளர் சங்கரபாண்டி அறிக்கையை எடுத்து நீட்டினார். ஏறக்குறைய எல்லாம் சிவப்பாக இருந்தது.

"ரொம்ப ஜாஸ்தி மேடம். அப்படியே உங்க கைடோட ஒத்துப்போகுது. அவரோட கட்டுரை போன மே மாசம் வந்திருக்கு."

"அது என் மூணாவது இயல் சார். நான் எழுதித் திருத்தக் கொடுத்தது."

"எழுதினது எப்பன்னு யாரு கேக்கா? அச்சானது எப்பன்னுதான் கேப்பாங்க."

சாத்தூரில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் பெண்களைப் பற்றியது அந்த இயல். முப்பது வருடம் குச்சி அடுக்கி வலது பெருவிரலில் ரேகை தேய்ந்துபோன குருவம்மாளைப் பற்றி அதில் இரண்டு பக்கம் இருந்தது. குருவம்மாள் மாரீஸ்வரியின் அம்மா.

"அம்மாவும் அதுல அடக்கம் மேடம். நாப்பத்தோராம் பக்கம்" என்றார் சங்கரபாண்டி.

அச்சேறியது எதுவானாலும் அச்சேற்றியவர் வசம் இருக்க வேண்டும் என்பது விதி. மூன்றாம் நாள் பல்கலைக்கழக வேன் வந்தது. அம்மாவை நெறியாளர் வீட்டில் ஒப்படைக்கும் ஆணையை ஓட்டுநர் படித்துக் காட்டினார். குருவம்மாள் இரண்டு சேலைகளையும் மாத்திரைப் பையையும் எடுத்துக்கொண்டாள்.

"சார் வீட்டுல தண்ணி நல்லா வருமா தம்பி?"

"இருபத்துநாலு மணி நேரமும் வரும்மா."

"அப்பச் சரி" என்று ஏறிக்கொண்டாள்.

அவளுடைய நெறியாளர் பேராசிரியர் திருமலையப்பன் கடுமையாகப் பேசாத மனிதர். மாரீஸ்வரி பார்க்கப் போனபோது வாசல்வரை வந்து அழைத்தார். குருவம்மாளே காபி கொண்டுவந்து வைத்தாள்.

"எங்கிட்ட என்னம்மா இருக்கு? நீ முறையா மேற்கோள் காட்டிட்டுப் பாத்துட்டுப் போ. யாரு வேண்டாம்னா?" என்றார் பேராசிரியர்.

வாயிலில் இருந்த பதிவேட்டில் அவள் 'திருமலையப்பன், பக்கம் 41' என்று எழுதிக் கையொப்பமிட்டாள். மேற்கோள் மூன்று வரியைத் தாண்டக் கூடாது என்பதால் குருவம்மாள் அளவாகப் பேசினாள்.

"சாப்பிட்டியா தாயி?"

"சாப்பிட்டேம்மா."

"எளைச்சுப் போயிட்ட."

மூன்று வரி முடிந்தது. குருவம்மாள் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மூலத்தின் மீது உரிமை கோர ஒரு படிவம் இருந்தது. அதை நிரப்ப முனைவர் பட்டம் வேண்டும். பட்டம் வேண்டுமானால் பத்து விழுக்காட்டுக்குள் வர வேண்டும். அவளுடைய பதிவு முடிய இருபத்தாறு நாட்கள் இருந்தன. பட்டம் வாங்கிய அன்றே படிவத்தைக் கொடுத்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று மாரீஸ்வரி கணித்தாள். படிவத்தின் பிரதி ஒன்றை அப்போதே வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"வார்த்தைய மாத்திச் சொல்லுங்க மேடம். ஊர்ல எல்லாரும் அதான் செய்றாங்க" என்றார் சங்கரபாண்டி. "போன வாரம் ஒருத்தர் அவங்க அப்பாவையே மாத்திட்டுப் போனாரு. நாலு விழுக்காடு. தங்கமான மனுசன்."

அவள் சாத்தூரை அருப்புக்கோட்டை ஆக்கினாள். அறுபத்திரண்டு. தீப்பெட்டியைத் தறி ஆக்கினாள். நாற்பத்தைந்து. தீக்குச்சி மருந்து வாசனையைப் பாவுநூல் கஞ்சி வாசனை ஆக்கி, தேய்ந்த பெருவிரலை ஆட்காட்டி விரலாக மாற்றியபோது முப்பது ஆயிற்று. ஒவ்வொரு நாளும் முக்காலியில் உட்கார்ந்து மாறியதை மனப்பாடமாகச் சொன்னாள்; தயங்கிய இடமெல்லாம் பழையபடி சிவப்பானது. அம்மாவைப் பெரியம்மா ஆக்கியதும் பதினான்குக்கு இறங்கியது. அதற்குக் கீழே நகரவில்லை.

"இன்னும் என்ன சார் இருக்கு? எல்லாத்தையும் மாத்தியாச்சு."

சங்கரபாண்டி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கட்டுரையில் விரல் வைத்துக் காட்டினார். 'இத்தகவலாளருக்கு ஒரு மகள் உண்டு, படிக்கிறாள்.'

"இது நீங்கதான மேடம்?"

மறுநாள் அவள் முக்காலியில் உட்கார்ந்து, தான் யாருக்கும் மகள் இல்லை என்றும், அருப்புக்கோட்டையில் பெரியம்மா ஒருத்தி தன்னை எடுத்து வளர்த்தாள் என்றும் சொன்னாள். குரல் பிசிறவில்லை. ஒன்பது விழுக்காடு. இந்த ஆண்டில் இவ்வளவு தெளிவான சான்றிதழ் இதுதான் என்று முத்திரை குத்தும்போது சங்கரபாண்டி சொன்னார்.

பொது வாய்மொழித் தேர்வுக்குப் பேராசிரியர் குடும்பத்தோடு வந்திருந்தார். குருவம்மாள் அவருடைய மனைவிக்குப் பக்கத்தில், இரண்டாம் வரிசையில், புதுச் சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா வளர்த்த கதையை மாரீஸ்வரி சொல்லி முடித்ததும் புறத்தேர்வாளர் நான்கு கேள்விகள் கேட்டார். பிறகு, அவையோரும் கேட்கலாம் என்றார்.

குருவம்மாள் கையை உயர்த்தினாள்.

"நான் ஒண்ணு கேக்கலாமா சார்?"

"தாராளமா கேளுங்கம்மா."

"அந்தப் பெரியம்மாக்காரி பிள்ளைய எப்படி வளத்தா? கொறை ஒண்ணும் வைக்கலயே?"

மாரீஸ்வரி தண்ணீர் குடித்தாள். எதிரே இருந்த தாள்களை நேராக அடுக்கினாள்.

"குறை வைக்கவில்லை. நேரத்துக்குச் சோறு போட்டார், படிக்க வைத்தார். கள ஆய்வில் அது உறுதியாகியுள்ளது" என்றாள்.

"அப்ப நல்லது" என்று குருவம்மாள் உட்கார்ந்தாள்.

நேரடியான, சான்றுகளோடு கூடிய விடை என்று புறத்தேர்வாளர் தம் அறிக்கையில் எழுதினார். பட்டம் பரிந்துரைக்கப்பட்டதாக அறிவித்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். குருவம்மாள் மற்றவர்களைவிடச் சற்று நேரம் கூடுதலாகத் தட்டினாள். பேராசிரியர் பொன்னாடை போர்த்தினார். லட்டும் மிக்சரும் தேநீரும் சுற்றி வந்தன. குருவம்மாள் தன் லட்டைத் தாளில் மடித்து மடியில் வைத்துக்கொள்வதை மாரீஸ்வரி தூரத்திலிருந்து பார்த்தாள். அன்றைக்கு உரிய மூன்று வரியும் தேர்வு அவையில் தீர்ந்துவிட்டிருந்தன.

அவள் நூலகத்துக்கு நடந்து போய், நிரப்பிய படிவத்தைச் சங்கரபாண்டியிடம் நீட்டினாள். அவர் அதைச் சான்றிதழோடு வைத்து இரண்டு முறை சரிபார்த்தார்.

"உறவுன்னு கேட்ட இடத்துல மகள்னு போட்டிருக்கீங்க. நீங்க யாருக்கும் மகள் இல்லைன்னு நானே முத்திரை குத்தியிருக்கேனே டாக்டர்."

"ஆமா சார். மறந்துபோச்சு."

"பரவாயில்ல. பட்டம் வாங்குன அன்னைக்கு எல்லாருக்கும் ஒரு பதட்டம் இருக்கும்" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

பேராசிரியரின் கார் வளாகத்தை விட்டு வெளியேறியது. பின் கண்ணாடியில் புதுச் சேலையின் நிறம் சிறிது தூரம்வரை தெரிந்தது.

வாயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில், கட்டைப்பையோடு ஒரு பெண்மணி நின்றிருந்தாள். அறுபது வயது இருக்கும். மாரீஸ்வரி அவளை அதற்கு முன் பார்த்ததில்லை.

"எவ்வளவு நேரம்டீ? அருப்புக்கோட்டை வண்டி ரெண்டு போயிருச்சு" என்று அந்தப் பெண்மணி கடிந்துகொண்டாள்.

"தேர்வு முடியத் தாமதமாயிருச்சு பெரியம்மா."

மூன்றாவது பேருந்து காலியாக வந்தது. ஏறியதும் பெரியம்மா ஒதுங்கி நின்று வழிவிட்டாள்.

"சன்னலோரத்துல நீ உக்காரு. சின்னப் பிள்ளையில அந்த எடத்துக்கு எப்படி அழுவ, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு பெரியம்மா" என்று மாரீஸ்வரி சன்னலோரத்தில் உட்கார்ந்தாள்.