உப்புக்குச் சப்பாணி

பொம்மையன் என்று பெயர் வைத்துக்கொண்டு பொம்மைக்கடை நடத்தினால் ஊர் சும்மா விடுமா? திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் கடையைத் தாண்டுகிறவர்கள் ஆளுக்கொரு கேலி சொல்லிவிட்டுத்தான் போவார்கள். ஆனால் ஆட்டப் பெட்டி வாங்க வேண்டுமென்றால் அவரிடம்தான் வந்தாக வேண்டும். எண்பத்தாறாம் வருஷம் அது. பெட்டி ஆட்டங்கள் புதுசு புதுசாக வந்துகொண்டிருந்தன. எதைக் கேட்டாலும் பொம்மையன் உடனே எடுத்துத் தர மாட்டார். "எத்தனை பேரு?" என்பார் முதலில்.

புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்குச் செஸ் கொடுக்கவே மாட்டார். தோற்றவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் பாவம் தன்னைத்தானே சேரும் என்பார். கூட்டுக் குடும்பம் என்றால் வீடும் ஊரும் வாங்கி விற்கிற டிரேடு பெட்டி. அண்ணன் தம்பி நிஜச் சொத்துக்கு அடித்துக்கொள்ளும் முன்னால் பொய்ச் சொத்தில் பழகிக்கொள்ளட்டுமே! ஆறு பேருக்கு நட்சத்திர அட்டையில் குண்டு நகர்த்துகிற சைனீஸ் செக்கர். ஐந்து பேர் என்றால், "இன்னொரு ஆளத் தேத்திட்டு வாங்கப்பு" என்று திருப்பி அனுப்பிவிடுவார். தலைக்கணக்கு சரியாக இருந்தால் ஆட்டமும் சரியாக இருக்கும் என்பதில் மனுஷனுக்கு அவ்வளவு கர்வம்.

அந்தக் கர்வத்தைச் சோதிக்கத்தான் ராமுத்தாய் வந்தாள். சின்னாளப்பட்டியில் புருஷன் தறியில் உட்கார, இவள் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவள்.

"மூணு பேருண்ணே," என்றாள். "நாலாவது ஆளுக்கு எடமே இருக்கக் கூடாது."

பொம்மையன் சிரித்துவிட்டார். அவள் மேற்கொண்டு சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு நின்றுபோனது. மாசியில் மூளைக்காய்ச்சல் வந்து சின்னவன் பாண்டி போய்விட்டான். ஐந்து வயது. அவன் அக்கா தீபா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் லூடோ அட்டையை விரித்து உட்கார்ந்துவிடுகிறாள். பச்சை மூலை பாண்டியுடையது. அதற்கும் அவளே பகடை உருட்டுகிறாள்.

"பாண்டிக்கு ஆறு வேணும்னு சொல்லி உருட்டுறா, ஆறே விழுதுண்ணே. சோறு தண்ணி எதுவும் எறங்க மாட்டேங்குது அவளுக்கு. இருக்குற ஒண்ணையும் அவன் கூட்டிட்டுப் போயிருவானோன்னு பயமா இருக்கு."

பொம்மையன் நன்றாக யோசித்து, மூன்று பேருக்கும் தோதாக இருக்கும், நாலாவது ஆள் சேர்ந்தால் ஒத்துவராது என்று சைனீஸ் செக்கர் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை மத்தியானமே ராமுத்தாய் பெட்டியோடு திரும்பி வந்தாள். கூடவே தீபா, கன்னம் ஒட்டிப்போய்.

"ஒரு எடம் காலியா இருக்கக் கூடாதுன்னு கேட்டேன். இதுல மூணு பேரு ஒக்காந்தா மூணு மூலை காலியா கெடக்கு. ராத்திரி மூடி வச்ச பெட்டி. காலையில தொறந்தா பச்சைக் குண்டு பூராவும் எதுத்த மூலையில வரிசையா நிக்குது."

பொம்மையனுக்கு முகம் தொங்கிவிட்டது. ஆறு முனை நட்சத்திரத்தில் மூன்று பேர் போனால் மீதி எத்தனை என்று அவருக்குத் தெரியாதா? அவர் சிறுமியின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"ஏந்தாயி, ஒந்தம்பி ஆட்டம் எப்பத்தான் முடியும்?"

"முடியாது," என்றாள் தீபா. "அவன் உப்புக்குச் சப்பாணி. அவன் காயை யாரும் வெட்ட மாட்டோம். பழம் எடுத்தாலும் செல்லாதுன்னுருவோம். அதான் மறுபடி மறுபடி கேக்குறான்."

அழக் கூடாதென்று ஆட்டத்தில் சேர்த்து, கணக்கில் சேர்க்காமல் விட்ட பிள்ளை. எத்தனையோ பேரிடம் தலைக்கணக்கு கேட்டவர், சப்பாணி உண்டா என்று கேட்டதே இல்லை.

கடையிலேயே லூடோ அட்டையை விரித்தார். சுற்றிலும் நாலு முக்காலி. ஒன்று காலி. பச்சைக்கும் சேர்த்துப் பகடை உருட்டும்படி ராமுத்தாயிடம் சொன்னார்.

"இந்த ஆட்டத்துல சப்பாணி கெடையாது," என்று காலி முக்காலியைப் பார்த்தே சொன்னார். "வெட்டுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

முதல் தடவை பச்சையை வெட்டியபோது ஒன்றுமில்லை. இரண்டாம் தடவை முக்காலி இம்மி நகர்ந்தது. பொம்மையனுக்குக் குப்பென்று வேர்த்துவிட்டது. ஆனாலும் வெட்டிய காயைத் திருப்பி வைக்கவில்லை. ஆட்டம் ஏறி இறங்கி, கடைசியில் பச்சைக்கு ஒன்று விழுந்தால் போதும் என்று வந்து நின்றது.

ராமுத்தாய் பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"வெதுவெதுன்னு இருக்குண்ணே," என்றாள் மெதுவாக.

"போடு தாயி."

மூடிய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு போட்டாள். ஒன்று. தீபா காயை நகர்த்தி நடுவில் வைத்தாள்.

"பழம்!" என்றார் பொம்மையன் கடைக்கு வெளியே கேட்கிற மாதிரி. "செல்லும். பாண்டிதான் ஜெயிச்சான்."

தீபா முக்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போயிட்டான்மா," என்றாள். பிறகு, "பசிக்குது."

எதிர்க்கடை இட்லியை அவள் தின்ற வேகத்தைப் பார்த்து ராமுத்தாய் அழுதாள். பொம்மையனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இதே பேச்சுதான்.

அடுத்த மாதம் ராமுத்தாய் தனியாக வந்தாள். தீபா நன்றாக இருக்கிறாளாம். சாப்பிடுகிறாளாம், பள்ளிக்கூடம் போகிறாளாம், லூடோ பக்கம் திரும்புவதே இல்லையாம்.

"பெறகென்ன தாயி?"

"ஒரு ஆட்டம் வேணும்ணே."

எத்தனை பேருக்கு என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அவளே சொன்னாள்.

"ரெண்டு பேருக்கு. தீபாவுக்குத் தெரிய வேணாம். சட்டுனு முடியாத ஆட்டமா இருக்கணும்."

பொம்மையன் பரமபத அட்டையை எடுத்து விரித்தார். வாங்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் ஏணியைத்தான் பார்ப்பார்கள். ராமுத்தாய் பாம்புகளைப் பார்த்தாள். உச்சிக் கட்டத்துக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டிருந்த பெரிய பாம்பின் தலையில் விரலை வைத்து, வால் முடிகிற இடம் வரைக்கும் தடவிக்கொண்டு வந்தாள்.

"இது கடிச்சா கீழ வந்துரும்ல?"

"வந்துரும்மா. எம்புட்டு ஏறியிருந்தாலும் அடிக்கே வந்துரும்."

"வந்துருவான்ல?" என்று கேட்டாள் ராமுத்தாய்.