முன்பிரேக் எந்தக் கைக்கு

1

இந்தக் கதையில் எனக்குச் சொந்தமானது குறைவு. மலையடிவாரத்து ஊரான பஸ்ஸானோவில் ஒரு சைக்கிள் கடையில் டயருக்காகக் காத்திருந்தபோது காதில் விழுந்த இரண்டு வாக்கியங்கள்தான் இதன் முதல். ஒரு பெண் கடைக்காரரிடம் சொன்னாள்:

"முன்பிரேக்கை இடது கைக்கு மாத்திடு. அவன்கிட்ட சொல்லாத."

கடைக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். அதற்குள் என் டயர் வந்துவிட்டது. எனக்குப் பின்னால் ஆள் நின்றார்கள். பதிலைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தப் பதிலை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். இங்கே விற்கும் புது சைக்கிள்களில் முன்பிரேக் இடது கைக்குத்தான் வருகிறது. இந்தப் பக்கத்துப் பழைய ஓட்டக்காரர்கள் அதை வலது கைக்கு மாற்றிக்கொள்வார்கள். ஏன் என்று கேட்டால், "மோட்டார் சைக்கிள்ல அப்படித்தானே" என்பார்கள். வண்டியை உண்மையில் நிறுத்துவது முன்பிரேக்தான். பின்பிரேக்கை வெறித்தனமாக இறுக்கினால் சக்கரம் வழுக்கும். முன்பிரேக்கை அப்படி இறுக்கினால் ஆளே ஹேண்டில்பாரைத் தாண்டிப் போவான்.

2

தொடக்கங்கள்.

"கிராப்பா மலையில் பனி உருகத் தொடங்கிய" — வேண்டாம். மலையில் ஆரம்பிக்கிற கதை யாராவது விழுந்துதான் முடியும்.

"நிவெஸுக்கு சைக்கிள் என்றாலே" — இதுவும் பொய். கடையில் பேசிய பெண்ணுக்கு நான் வைத்த பெயர் நிவெஸ்; அவளுக்கு சைக்கிள்மேல் வெறுப்பெல்லாம் இல்லை. கல்யாணமான புதிதில் அவளும் ஓட்டியிருக்கிறாள்.

மூன்றாவதை விட்டுவைக்கிறேன்:

நிவெஸ் முதலில் கவனித்தது கரண்டியை. கணவன் எலியோ காப்பியை இடது கையால் கலக்கினான்.

போன இலையுதிர் காலத்தில் மூளையில் ஒரு சின்ன அடைப்பு. பேச்சு திரும்பிவிட்டது, நடை திரும்பிவிட்டது. வலது கையின் பிடி மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. மருத்துவர் அமுக்கச் சொல்லிக் கொடுத்த ரப்பர் பந்தை எலியோ ஜன்னலோரம் வைத்துவிட்டு, "தேறிடுச்சு" என்று சொல்லிவிட்டான். நோய்க்கு முன்பே அளவு கொடுத்துச் சொல்லி வைத்திருந்த புது சைக்கிள் ஃபிரேம் பிப்ரவரியில் வந்து சேர்ந்தது. ஆலிவ் பச்சை. அதில் எதை மாட்டுவது என்பதுதான் கதை.

(இவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். இரண்டு பக்கம் எழுதியபின் நீக்கிவிட்டேன். அவள் வந்தால் எல்லோரும் அவளிடம் நியாயம் கேட்பார்கள்.)

3

வண்டியைக் கோப்பது எப்போதும் எலியோதான். இம்முறை சின்னத் திருகுகள் விரலில் நிற்கவில்லை. பக்கத்து ஊரான நோவேயில் பீங்கான் தட்டுகளுக்குச் சித்திரம் தீட்டுகிறவள் நிவெஸ்; கை ஆடாது. அவன் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னான், அவள் மாட்டினாள்.

கியர் மாற்றும் அமைப்பில் சண்டையே வரவில்லை. கம்பியை இழுக்கிற பழைய வகைக்கு விரலில் பலம் வேண்டும். மின்சார வகையில் பொத்தானைத் தொட்டால் போதும். "காலத்துக்கேத்த மாதிரி இருக்கணும்ல" என்றான் எலியோ. விரலைப் பற்றி இருவரும் பேசவில்லை.

சண்டை பின்சக்கரத்துப் பல்லடுக்கில் வந்தது. அதில் பெரிய பல்சக்கரம் எவ்வளவு பெரிதோ, ஏற்றம் அவ்வளவு எளிது. இருபத்தெட்டுப் பல்லா, முப்பத்து நான்கா? கடைக்காரன் சில்வானோ இரண்டையும் கொடுத்தனுப்பியிருந்தான். ஞாயிறுதோறும் எலியோவோடு ஓட்டுகிற பேப்பி ஒரு மாலை வந்து, முப்பத்து நான்கைத் தூக்கிப் பார்த்தான்.

"இது சைக்கிளுக்கா, பீட்சா சுடவா?"

"உன் வயித்துக்கு இதெல்லாம் பத்தாது, போடா" என்றான் எலியோ. ஆனால் முகம் சுண்டிவிட்டது.

"இருபத்தெட்டே போடலாம்" என்றாள் நிவெஸ்.

பேப்பி விசிலடித்தான். எலியோ அவளைத் திரும்பிப் பார்த்தான். பேப்பி போனபிறகு மெதுவாகச் சொன்னான்: "டாக்டர்ல இருந்து பேப்பி வரைக்கும் எல்லாரும் என்னை நோயாளியாத்தான் பாக்குறாங்க. நீ ஒருத்திதான் பழைய எலியோவைப் பாக்குற."

அவள் கணக்கு வேறு. இருபத்தெட்டைப் போட்டால் கிராப்பா மலையின் செங்குத்தான பகுதியில் கால் நின்றுவிடும். உச்சிக்குப் போக மாட்டான். உச்சிக்குப் போகாதவன் அங்கிருந்து இறங்க வேண்டியதில்லை.

அவள் துணியால் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

(இந்த இடத்தை நான் திட்டமிடவில்லை. அவன் நன்றி சொல்வான் என்று எனக்குத் தெரியாது. இதற்குப் பிறகுதான் கதை பயமாக இருக்கத் தொடங்கியது.)

4

பல்சக்கரம் அவனைத் தடுக்காது என்றும் அவளுக்குத் தெரியும். இறங்கித் தள்ளிக்கொண்டாவது மேலே போய்விடுகிறவன் அவன். எனவே பிரேக். எலியோ எப்போதும் முன்பிரேக்கை வைத்துக்கொள்வது வலது கையில், இப்போது பிடி குறைந்த கையில். டிஸ்க் பிரேக்கில் எண்ணெய்க் குழாய்கள் ஹேண்டில்பாருக்குள்ளும் ஃபிரேமுக்குள்ளும் ஓடும். அளவாக வெட்டியபின் கை மாற்ற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். எலியோ பக்கத்தில் இல்லாமல் அது நடக்க வேண்டுமென்று, வெட்டுமுன் அவள் கடைக்குப் போனாள். நான் டயருக்காக நின்றிருந்த நாள் அதுதான்.

சில்வானோவின் பதில், நான்காவது வடிவம்:

"ஏன் சொல்லக் கூடாது?"

"சொன்னா கை சரியில்லைன்னு ஆயிடும்ல. அதை அவன் இன்னும் வாயால சொல்லலை."

"நிவெஸ், வளைவுல திடீர்னு ஒரு நாய் குறுக்க வந்தா அவன் யோசிச்சா பிடிப்பான்? இடது கை பின்பிரேக்னு நெனைச்சு ஒரே இழுப்பு இழுக்கும். அது முன்பிரேக்கா இருந்தா?"

"பழையபடி வலதுலயே விட்டா?"

"கை பிடிக்கும். வண்டி நிக்காது."

"டிஸ்க்குக்குப் பலமே வேண்டாம்னு சொன்னியே."

"கொஞ்சம் போதும்னு சொன்னேன். மேல இருந்து கீழ வரைக்கும் அந்தக் கொஞ்சம் இருக்குமா? எனக்குத் தெரியாது."

"அப்ப எப்படி மாட்டுவ?"

"நீ சொல்றபடி. அவனுக்கும் தெரியணும். தெரியாம மாட்டித் தர மாட்டேன்."

(முந்தைய வடிவங்களில் அவன் சரி என்று தலையாட்டினான். அப்படி ஒரு கடைக்காரனை நான் பார்த்ததில்லை.)

5

முடிவுகள்.

முதலாவது: அவன் நிதானமாக இறங்கி வந்து, கீழே கடையில் பேப்பிக்கு ஒரு கோப்பை வைன் வாங்கிக் கொடுக்கிறான். அடித்துவிட்டேன். அந்த மேஜையில் எல்லோரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

இரண்டாவது: "ரோமானோ ஊரை நோக்கி இறங்கும் சாலையில், மரநிழலில் ஈரம் காயாத ஒரு வளைவில், அவனுடைய இடது கை" — இல்லை. என்னால் முடியாது.

மூன்றாவது. கராஜ். குழாய்கள் வெட்டப்படாமல் இரண்டு பக்கமும் தொங்குகின்றன. நிவெஸ் அவன் எதிரே நின்று இரண்டு மணிக்கட்டுகளையும் நீட்டினாள்.

"கண்ணை மூடிக்கிட்டு பிடி. எதிர்ல லாரி வருது. பிரேக் போடு."

"என்ன விளையாட்டு இது?"

"போடுன்னா போடு."

அவன் பிடித்தான். அவளுக்கு ஒரு மணிக்கட்டு வலித்தது. இன்னொன்றில் யாரோ பேச்சுவாக்கில் கை வைத்தது போலிருந்தது.

அவன் கண்ணைத் திறந்தபோது அவள் மணிக்கட்டுகளைத் திருப்பிக் காட்டினாள். ஒன்றில் நான்கு விரல் சிவப்பாகப் பதிந்திருந்தது. அவன் வெறுமையான மற்றதையே பார்த்தான்.

"முழு பலத்தோடதான் பிடிச்சேன்" என்றான்.

"தெரியும்."

"பிரேக்கைக் கை மாத்தினா நான் முதல்லேர்ந்து கத்துக்கணும். கத்துக்கிட்டாலும், அந்த ஒரு நொடியில கை பழசைத்தான் செய்யும்" என்றான்.

"மாத்தலைன்னா?"

பிறகு அவன் பார்வை மேஜைக்குப் போனது. இரண்டு பல்லடுக்குகளும் அங்கே இருந்தன.

"இருபத்தெட்டு போடச் சொன்னியே. அதுவும் இதுக்குத்தானா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். நான்கூட ஒரு பொய் எழுதி வைத்திருந்தேன், நன்றாகவே இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

"ஆமா."

எலியோ எழுந்து இருபத்தெட்டை எடுத்து அதன் பெட்டிக்குள் வைத்து மூடினான். வலது கையால்தான். மூடி சரியாக உட்காரும்வரை அவள் உதவிக்குப் போகவில்லை.

"மலைக்குப் போவேன்" என்றான்.

"போவேன்னு தெரியும்."

"அப்ப வெட்டு. எந்தப் பக்கம்னு நீ சொல்லு. ஆனா எனக்குத் தெரிஞ்சு வெட்டு."

அவள் கத்தியை எடுத்து, முன்பிரேக் குழாயின் நுனியைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. அந்தக் கத்தி எந்தக் கைப்பிடிப் பக்கம் போனாலும், நான் அடித்துவிட்ட இரண்டாவது முடிவு அங்கேயும் காத்திருக்கிறது. அவள் கையை நகர்த்தும் துணிவு எனக்கில்லை.

நீங்கள் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பாருங்கள். எதிரே ஏதோ வருகிறது. யோசிக்காமல் பிடியுங்கள். எந்தக் கை முந்துகிறதோ, அதை நிவெஸிடம் சொல்லுங்கள். அவள் இன்னும் வெட்டவில்லை.