பம்ப் சும்மா இருக்க வேண்டும்

எங்கள் ஊர்ப்பக்கம் கேரவன் என்றால் சினிமா நட்சத்திரங்கள் ஷூட்டிங்கில் ஏறி உட்கார்ந்து ஏசிக் காற்று வாங்குகிற வண்டி. அபுதாபி முசஃபாவில் நான் வேலை பார்த்த கராஜின் பின்முற்றத்தில் நின்ற கேரவனுக்கு அந்தப் பெருமையெல்லாம் இல்லை. இஞ்சின், அடுப்பு, படுக்கை, குளியலறை எல்லாம் ஒரே உடம்பில் இருந்தன, எல்லாவற்றுக்கும் வயதாகியிருந்தது. வெயிலில் வெளுத்து, எங்கள் லேபர் கேம்ப் சமையல்காரர் போடும் டீயின் நிறத்துக்கு வந்திருந்தது.

வண்டி எங்கள் அர்பாப், அதாவது முதலாளி, ஹுமைதுடையது. முந்தின குளிர்காலத்தில் குடும்பத்தோடு பாலைவனத்தில் கேம்பிங் போனபோது, தொட்டித் தண்ணீர் பூராவும் ராவோடு ராவாக மெத்தைக்குள் இறங்கியிருக்கிறது. இனி இதில் ஏற மாட்டேன் என்று அவர் வீட்டம்மா சொல்லிவிட்டார். அந்த வருஷம், 2007இல், ஹஜ் பெருநாள் டிசம்பரில் வந்தது. அர்பாப் என்னைக் கூப்பிட்டார்.

"கார்மேகம், தண்ணி லைனைச் சரிபண்ணு. பெருநாளுக்கு முந்தின நாள் நீயே வண்டியை எடுத்துட்டுப் போய் ஒரு ராத்திரி தங்கு. உன் பொண்டாட்டியையும் கூட்டிக்கோ. நனைஞ்சா உன் முதுகு நனையட்டும். நனையலேன்னா மறுநாள் நாங்க போறோம். சரியாகலேன்னா கலாஸ், முடிஞ்சுது, வித்துடறேன்."

அவர் பேசியது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் பொதுவான அரைகுறை இந்தி. ஆனால் 'பொண்டாட்டி' என்ற இடம் வந்ததும் எனக்கு அது சுத்தத் தமிழில் கேட்டது.

காரணம் உண்டு. என் மனைவி நாகஜோதி ராஸ் அல் கைமாவில் ஒரு கிளினிக்கில் உதவியாளர். லேடீஸ் ஹாஸ்டல் வாசம். நான் முசஃபாவில் கேம்ப் ரூமில், என்னையும் சேர்த்து எட்டுக் குறட்டைகளோடு. இருவரும் ஒரே நாட்டில்தான் இருந்தோம். ஆனாலும் குடித்தனம் நடத்தியதெல்லாம் வெள்ளிக்கிழமைகளில், ஷார்ஜா பஸ் ஸ்டாண்டு பெஞ்சில். கல்யாணமாகி ஆறு வருஷத்தில், லீவு ஒத்துவந்து ஊருக்குப் போன சமயம் தவிர, ஒரே கூரையின் கீழ் நாங்கள் படுத்ததில்லை. அந்த டீ நிறக் கூரை எங்களுக்கு எவ்வளவு பெரிய கூரை என்பது இப்போது புரிந்திருக்கும்.

தொட்டியைக் குளோரின் போட்டு அலசினேன். விரிசல் விட்டிருந்த குழாய்களை மாற்றினேன். கராஜ் எலக்ட்ரீஷியன் கௌஸ் முகம்மது, கீழக்கரைக்காரர், பம்புக்குப் புது வயர் இழுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மாப்ள, முதுகுளத்தூர்க்காரனைக் கூப்பிட்டுத் தண்ணி சரியா வருதான்னு பாக்கச் சொல்றாரே அர்பாப். நீ தண்ணியப் பாத்தா அடையாளம் தெரியுமா?"

"பேரே கார்மேகம், பாய்."

"அதான் சொல்றேன். பேரோட நின்னுபோச்சு."

வியாழக்கிழமை சாயங்காலம் குழாய்களில் காற்றடித்துப் பார்த்தேன். சமையல் குழாய், முகம் கழுவும் குழாய், குளியலறைக்குள் தாழ்வாக இருந்த குழாய், மூன்றும் தேறின. மூன்றையும் என் கையாலேயே இறுக மூடினேன். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் தண்ணீர் நிரப்பி நிஜப் பரீட்சை. பிற்பகல் அசர் தொழுகை முடிந்து அர்பாப் பார்க்க வருவார்.

நாகஜோதி அன்று காலையிலேயே வந்துவிட்டாள். ஒரு பையில் அரிசி, பருப்பு. இன்னொரு கையில் பச்சை பிளாஸ்டிக் வாளி.

"இது எதுக்கு?"

"வீட்டுக்கு வரும்போது வெறுங்கையோடயா வருவாங்க?"

வண்டிக்குள் ஏறியவள் எதையும் பேசாமல் எல்லாக் கதவையும் ஒருமுறை திறந்து மூடினாள். அலமாரி, அடுப்புக்குக் கீழே, குளியலறை. அடுப்பின் முன் நின்று கையை இரண்டு பக்கமும் நீட்டிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் சுவர் இடித்தது. "போதும்," என்றாள். நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்து, அதை விட்டுவிட்டு வண்டிக்கு அடியில் படுக்கப் போய்விட்டேன். நான் அடியில் ஸ்பானரோடு கிடக்க, தலைக்கு மேலே அவள் நடந்துகொண்டிருந்தாள். துடைக்கிற சத்தம், எதையோ நகர்த்துகிற சத்தம். மாடி வீட்டில் ஆள் குடிவந்த மாதிரி இருந்தது.

சோதனை எளிமையானது. தொட்டியை நிரப்பி பம்பைப் போட வேண்டும். குழாயைத் திறந்தால் பம்ப் ஓடும். மூடினால் குழாய்க்குள் அழுத்தம் ஏறி, தானாக நிற்கும். நின்றது நின்றபடி இருந்தால் எங்கும் ஒழுகல் இல்லை. யாரும் குழாயைத் தொடாதபோது அது மறுபடி ஓடினால், எங்கோ தண்ணீர் போகிறது. ஆக, எல்லாவற்றையும் மூடிவிட்டு, வாயையும் மூடிக்கொண்டு, காது கொடுக்க வேண்டும். முதலாவதும் மூன்றாவதும் எனக்கு வரும்.

நிரப்பினேன். போட்டேன். சமையல் குழாய் முதலில் இருமியது, காற்றைத் துப்பியது, பிறகு கண்ணாடி மாதிரித் தண்ணீர் வந்தது. முகம் கழுவும் குழாயும் அப்படியே. இரண்டையும் மூடினேன். பம்ப் நின்றது.

"மூணாவது குழாய் நேத்தே பாஸ். இப்ப சத்தம் போடாம உக்காரணும்," என்றேன்.

உட்கார்ந்தோம். எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு, நடுவில் மடக்கு மேசை.

"பஸ் ஸ்டாண்டு பெஞ்சை விட மெத்துனு இருக்குல்ல?"

"சும்மா இருங்க."

"இல்ல, பம்ப் என்ன நினைக்கும்னா..."

"கொஞ்ச நேரம் பேசாமத்தான் இருங்களேன்."

இருந்தேன். பக்கத்துக் கராஜில் யாரோ தகரம் தட்டுவது நின்றிருந்தது. வெள்ளிக்கிழமை முசஃபாவுக்கு அப்படி ஓர் அமைதி உண்டு. நாகஜோதி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் நாங்கள் பேசாமல் உட்கார்ந்ததே கிடையாது; பஸ் வந்துவிடும் என்று அவசரமாகப் பேசுவோம். இப்படி ஒன்றும் பேசாமல் ஒரு மேசையில் இருப்பதுதான் குடித்தனம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

டுர்ர்.

பம்ப் ஒரு சின்னத் தும்மல் போட்டு நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கொஞ்சம் கழித்து மறுபடி, டுர்ர்.

"எங்கயோ போகுது," என்றேன்.

டிஷ்யூ பேப்பரைக் கிழித்து, வண்டிக்கு அடியிலும் பெஞ்சுக்கு அடியிலும் ஒவ்வொரு மூட்டிலும் சுற்றினேன். ஒரு சொட்டு இருந்தாலும் பேப்பர் காட்டிக் கொடுத்துவிடும். எல்லாம் காய்ந்தபடி இருந்தன. மெத்தையைத் தூக்கித் தடவினேன், காய்ந்திருந்தது. நான்தான் நனைந்திருந்தேன், வியர்வையில். டுர்ர் மட்டும் தவறாமல் வந்தது.

"பெருநாளுக்கு முன்னாடி கண்டுபிடிச்சிடலாங்க," என்றாள் நாகஜோதி.

"கண்டுபிடிச்சிடலாம். அதுக்குள்ள வண்டியை வித்திருப்பாரு."

சொல்லியிருக்கக் கூடாது. அவள் கொண்டுவந்த அரிசியை அலமாரியிலிருந்து எடுத்துப் பையில் திரும்ப வைத்தாள். நிதானமாக, கோபமில்லாமல் வைத்தாள். அதைப் பார்க்க முடியாமல் காய்ந்த டிஷ்யூ ஒன்றை மறுபடி சோதித்தேன்.

அர்பாப் வந்தார். வெள்ளை கந்தூரா அங்கி அழுக்காகாமல் படியேறி பெஞ்சில் உட்கார்ந்தார். நாகஜோதியைப் பார்த்துத் தலையசைத்து சலாம் சொன்னார். "தமாம்? எல்லாம் சரியா?" என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பம்பே சொல்லிவிட்டது. டுர்ர்.

"லீக் எங்கே?"

"மாஃபி அர்பாப், லீக் இல்ல. எல்லா மூட்டும் காய்ஞ்சிருக்கு."

"மூட்டு காய்ஞ்சிருக்கு. பம்ப் ஓடுது." அவர் தாடியைத் தடவினார். "உன் தப்பில்லை. வண்டிக்கு வயசாச்சு. கலாஸ். அல் ஐன்ல ஒருத்தன் கேட்டுட்டிருக்கான்."

"அர்பாப், இன்னொரு நாள்..."

"நீயும் நனையவேண்டாம்னுதான் சொல்றேன்."

நல்ல மனிதர். அதனால்தான் எதிர்த்துப் பேச வழியில்லை. நாகஜோதி என்னைப் பார்த்தாள். "போறதுக்கு முந்தி ஒரு சுலைமானி டீ குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க. வீட்டுக்கு வந்தவரு," என்றாள். வீடு என்றுதான் சொன்னாள். நான் இந்தியில் மாற்றிச் சொன்னேன். அர்பாப் சரியென்று சாய்ந்துகொண்டார்.

அவள் கெட்டிலை எடுத்தாள். சமையல் குழாய் கையெட்டும் தூரம், அதைத் தொடவில்லை. ஊர்ப் பழக்கத்தில் நேராகப் போய்க் குளியலறைக் கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க."

போய்ப் பார்த்தேன். தாழ்வான குழாயின் கீழே பச்சை வாளி. குழாயின் வாயில் ஒரு வெள்ளைத் துணி, தூசி வடிகட்ட, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. துணியின் நுனி வாளிக்குள் தொங்கியது. அதன் வழியே தண்ணீர், சொட்டுகூட விழாமல், சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. வாளி விளிம்புவரை ததும்பி நின்றது.

"காலைல திறந்து பாத்தேன், வரல," என்றாள் மெதுவாக. "வராத குழாயை மூடுவாங்களா? வரும்போது பிடிச்சுக்கட்டும்னு லேசா விட்டு வச்சேன். மறந்தே போச்சு."

நானும் அதே ஊர்க்காரன்தான். வராத குழாயை மூடுகிற வீட்டை நானும் பார்த்ததில்லை. எந்த நேரத்தில் தண்ணீர் விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. திறந்து வைத்து வாளியைக் காவலுக்கு உட்கார்த்திவிட்டுப் போவோம். ஆறு வருஷம் வெளிநாட்டில் சம்பாதித்தும், இங்கே குழாயில் எப்போதும் தண்ணீர் வரும் என்பது கைக்குத் தெரியவில்லை. அவள் முகம் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது.

குழாயைத் திருகி மூடினேன். பம்ப் ஒருமுறை ஓடி நின்றது.

"என்ன?" என்றார் அர்பாப்.

"என் தப்பு அர்பாப். இந்தக் குழாயைச் சரியா மூடாம விட்டுட்டேன். மூளை இருக்கிற இடத்துல ஸ்பானர் இருக்கு."

"நஹி," என்றாள் நாகஜோதி பின்னாலிருந்து, கிளினிக் இந்தியில். "மேரா கல்தி, என் தப்பு. நான்தான் வாளி வச்சேன்."

அர்பாப் எழுந்து வந்து குளியலறைக்குள் எட்டிப் பார்த்தார். வாளியையும் துணியையும் வெகுநேரம் பார்த்தார். அந்தத் துணி என்ன என்று அவர் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை. திரும்பிப் போய் பெஞ்சில் உட்கார்ந்து, "சாய்," என்றார்.

வாளியிலிருந்து ஒரு சொம்பு மொண்டு அவள் தேநீர் போட்டாள். மூவரும் உட்கார்ந்தோம். பம்புக்குக் காது கொடுத்தோம். என் நாக்கு நுனியில் நல்ல நல்ல நகைச்சுவையாக வந்து நின்றது. ஒவ்வொன்றையும் டீயோடு சேர்த்து விழுங்கினேன். அர்பாப் அவசரமில்லாமல் உறிஞ்சினார். கண்ணாடி டம்ளரின் அடியில் சர்க்கரை தெரிந்தது. அவர் இன்னொன்று கேட்டார். அதையும் குடித்து முடித்தார். பம்ப் வாயே திறக்கவில்லை.

சாவியை மேசைமேல் வைத்தார். "மெத்தை நனைஞ்சா உண்மையைச் சொல்லணும்," என்றார் என்னிடம். பிறகு நாகஜோதியைக் காட்டி, "வேணாம், நான் அவளையே கேட்டுக்கறேன்," என்றுவிட்டு இறங்கிப் போனார்.

நாங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தோம். வெளியே அவர் கார் புறப்பட்ட சத்தம் தேய்ந்தது. நாகஜோதி பையைத் திறந்து அரிசியை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"வாளியை ஹாஸ்டலுக்கே எடுத்துட்டுப் போயிடவா?" என்றாள், என் பக்கம் திரும்பாமல்.

"இது இங்கயே இருக்கட்டும். பெருநாளுக்கு முந்தின நாள் வரும்போது இன்னொண்ணு கொண்டு வா," என்றேன்.