இருட்டில் வைத்த தீனி

இது எந்தக் குளிர்காலம் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. பனி கொட்டியதாகத் தோன்றுகிறது, கொட்டாமலும் இருந்திருக்கலாம். நாற்றம் மட்டும் நிச்சயம்.

சீனாவின் ஷான்டோங்கில், எங்கள் ஊர்க்காரி யுன்ஷியாவுக்கு இருந்தது ஒரே ஒரு வெள்ளரிக் கூடாரம். பின்னால் மண்சுவர், முன்னால் பிளாஸ்டிக் தாள், ராத்திரிக்கு மேலே வைக்கோல் பாய். சிங்தாவ் துறைமுகத்தில் வேலை பார்த்த புருஷன் அவளையும் அங்கே வரச்சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தான். புத்தாண்டுச் சந்தைக்கான காய் நன்றாக வந்தால் அவள் ஊரிலேயே இருக்கலாம். வராவிட்டால் கூடாரத்தைக் கொழுந்தன் ஷூலினிடம் விட்டுவிட்டுப் போகவேண்டும். அதுதான் பேச்சு.

ஷூலினை நினைத்தாலே அவளுக்குக் குமட்டும். சாப்பாட்டின் நடுவே மூக்கைச் சிந்திவிட்டு அதே விரலால் பூண்டு உரிப்பான்.

வெள்ளரியின் சதையில் தண்ணீர் போக மிச்சம் பெரும்பாலும் காற்றிலிருந்து வருவது. வெயிலின் பலத்தில் இலை கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாகக் கட்டுகிறது. மூடிய கூடாரத்தில் அந்த வாயு காலையிலேயே தீர்ந்துவிடும். பிறகு வெயில் இருந்தும் இலை பட்டினிதான். அதனால் உள்ளே அமில வாளிகளைத் தொங்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அம்மோனியா உரத்தூள் போடுவோம். நுரைத்துக்கொண்டு வாயு கிளம்பும்.

அப்பாவின் நினைவு நாளுக்குப் பிறந்த வீடு போகவேண்டியிருந்தது யுன்ஷியாவுக்கு. வேறு ஆளில்லாமல் ஷூலினிடம் சொன்னாள்.

“பாயச் சுருட்டி, வெயில் ஏறினப்புறம் போடு. வாளிக்கு ஒரு பிடி. அதுக்கு மேல வேணாம்.”

“நான் என்ன பச்சப்புள்ளயா அண்ணி? போய்ட்டு வாங்க.”

மறுநாள் மதியம் திரும்பிவந்து கதவைத் திறந்தவளின் முகத்தில் நாள்பட்ட மூத்திரக்குழி நாற்றம் அறைந்தது. இலைகள் வெந்நீர் ஊற்றியதுபோல் வெளுத்துத் தொங்கின. வாளிகளின் அடியில் கரையாத தூள் கெட்டிப்பட்டிருந்தது.

ஷூலின் வாசலில் உட்கார்ந்து வெங்காயத்தாளைக் குழம்பில் தோய்த்துக் கடித்துக்கொண்டிருந்தான்.

“எப்படா போட்டே?”

“நேத்து சாயங்காலமே, பாய இறக்கிட்டு. விடிகாலக் குளிர்ல யாரு எழுந்திருக்கறது? பன்னிக்கு ராத்திரி தீனி வைக்கறதில்லயா? அது பாட்டுக்குத் தின்னுட்டுத் தூங்கும்னு நெனச்சேன்.”

“எவ்வளவு?”

“மூட்டை முழுசும். புத்தாண்டு வருதுல்ல, அதுவும் வயிறாரத் தின்னட்டுமே.”

“இருட்டுல இலை அந்த வாயுவத் தொடாதுடா! அமிலம் தீர்ந்தா மிச்சத் தூள் அம்மோனியாவா கிளம்பி இலையக் கருக்கிடும். பன்னியாம்! பன்னிகூட உன் கையால வச்சா திங்காது.”

“கோவத்துலயும் அண்ணி பேச்சு தனி அழகு” என்று அவன் சிரித்தான். பல்லிடுக்கில் பச்சையும் கறுப்புமாக ஏதோ ஒட்டியிருந்தது.

அவள் வெகுநேரம் அந்தப் பல்லையே பார்த்தாள். தன் சட்டைக் கையை முகர்ந்தாள், அதே நாற்றம். உள்ளே போய், சூம்பிய காய் ஒன்றைப் பறித்துக் கடித்து, துப்பினாள். பிறகு கொடிகளை வேரோடு பிடுங்க ஆரம்பித்தாள்.

“சாப்பிட்டுட்டுப் பிடுங்கலாமே அண்ணி” என்றது வெளியிலிருந்து குரல்.

யுன்ஷியா புத்தாண்டு முடிந்ததும் சிங்தாவ் போனாள். அங்கே உணவகம் ஒன்றில் மீன் கழுவுகிறாள், வெள்ளரியைத் தொடுவதில்லை. புருஷன் துறைமுகத்திலேயே இருக்கிறான். ஷூலின் கூடாரத்தில் ஒரு வருஷம் தக்காளி போட்டு, அதுவும் கருகி, கடைசியில் பன்றி வளர்க்கிறான். அவை கொழுத்திருக்கின்றன.